திப்பிலிச் செடி கேட்ட கேள்வி

திப்பிலியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. தோட்டத்தில் ஒரு பெண் செடி கதிர் விட்டதும், தண்டில் ஏறிய எறும்பிடம் கேட்டது: "எங்கேயாவது ஆண் செடி இருக்கா? கதிர் மெலிசா, நீளமா இருக்கும். அதோட மகரந்தம் வராட்டி என் விதையெல்லாம் வெறும் பதர்தான்."

எறும்பு தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தது.

"ஒண்ணுகூட இல்லை அக்கா. எல்லாக் கதிரும் உன்னுடையது மாதிரியே குட்டையா, தடியா இருக்கு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ளே ஒவ்வொரு செடியும், 'ஆண் செடியைப் பார்த்தியா?'ன்னு என்னைக் கேட்குது."

"அவங்கெல்லாம் யாரு?"

"நீதான். உன் கிளைகளை ஒடிச்சு நட்டுத்தான் தோட்டக்காரர் இந்தத் தோட்டத்தையே நிரப்பியிருக்கார்."

 தோட்டக்காரர் வந்து அந்தச் செடியின் இன்னொரு கிளையை ஒடித்து, வேலிக்கு அப்பால் காலியாகக் கிடந்த இடத்தில் நட்டார். மழை பெய்தது. ஒடிபட்டதைச் செடி மறந்தும் போனது.

ஒரு நாள் வேலிக்கு அப்பாலிருந்து யாரோ எறும்பைக் கூப்பிட்டார்கள்.

"புதுசா யாரோ வந்திருக்காங்க!" இலையெல்லாம் சிலிர்க்கச் செடி எட்டிப் பார்த்தது.

"எறும்பே, அந்தப் பக்கம் ஆண் செடி ஏதாவது இருக்கா?"

வேலிக்கு அப்பாலிருந்து வந்தது செடியின் அதே குரல்.