பனி விழுந்த சேதி

வட கனடாவின் கிரீ பழங்குடி மக்கள் அனுப்பிய கதைப்பெட்டி தூத்துக்குடிப் பள்ளிக்கு வந்து ஆறு மாதமாகியும் ஒரு கதைகூடச் சொல்லவில்லை. தட்டினால், "எங்க ஊர்ல இன்னும் பனி விழல. தரையில பனி இல்லாம இந்தக் கதைகள நாங்க சொல்றதில்ல" என்று ஒரு பெண்குரல் பதில் சொல்லும்.

பழுதென்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்த்த செல்வக்கனி டீச்சரே, நாளடைவில் காலையில் வந்ததும் பிள்ளைகளோடு சேர்ந்து அதைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முன்பெல்லாம் அங்கே அக்டோபரிலேயே பனி விழுமாம்; இப்போது டிசம்பரும் பாதி போய்விட்டது.

அரையாண்டுக் கணக்குப் பரீட்சையின் நடுவில் பெட்டி தானாகவே பேசியது.

"பிள்ளைகளா, விழுந்துருச்சு!"

வகுப்பே பெஞ்சு மேல் ஏறிக் குதித்தது. அடக்க எழுந்த டீச்சர், தானும் கத்திக்கொண்டிருப்பதை அப்புறம்தான் கவனித்தார்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் ஆவுடையப்பன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "என்ன டீச்சர் இது, பரீட்சை நேரத்துல?"

"பனி விழுந்துருச்சு சார்!"

"நெசமாவா?" என்றவர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு முன்வரிசைக்கு வந்தார்.

"ஏ பிள்ள, கொஞ்சம் தள்ளி உக்காரு."