புனிதாவின் நீல மணி

கார்த்திகேசு அந்த மணியைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

நெல்லிக்காய் அளவுகூட இல்லை. கடல் நீலக் கண்ணாடி. அதற்குள்ளே வெள்ளைத் துகள்கள் சுற்றிச் சுற்றி எங்கோ இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அடி தெரியவில்லை.

அம்மாடி, இது மனுசக் கை செய்த வேலையா?

செய்தது ஈப்போவில் இருக்கும் ஒரு சீனப் பெண். கைப்பேசியில் தேடித் தேடி அவளைப் பிடித்து ஆர்டர் கொடுத்திருந்தார். அவளும் செய்கிற விதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கண்ணாடிக் குச்சியை நெருப்பில் உருக்கி, கம்பியில் சுற்றி, ஒரு சிட்டிகை சாம்பலில் புரட்டி, மேலே மறுபடி கண்ணாடியால் மூடுகிறாள். தான் வேலை செய்யும் கமுந்திங் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பதினொரு தடவை பார்த்துவிட்டார். ஒரு தடவைகூடச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சிட்டிகை அவர் மனைவி புனிதா.

போய் எட்டு மாதம் ஆகிறது. ஹுத்தான் மெலிந்தாங் ஆற்றில் படகேறி அஸ்தியைக் கரைத்த அன்று, மைத்துனர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, ஒரு பிடியைப் பேப்பர் துண்டில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார் மனுசன். அதை வீட்டில் வைத்தது தெரிந்தால் சொந்தபந்தம் சும்மா விடுமா? சாமி மேடையில், தோட்டத்துக் கோயில் திருநீற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். அதுவும் பேப்பர், இதுவும் பேப்பர். யாருக்கு என்ன தெரியப்போகிறது?

போன மாதம், பிரித்துப் பார்க்க மனம் வராமல், மடித்தது மடித்தபடியே ஈப்போவுக்கு அனுப்பினார்.

எல்லாம் இன்றைக்காகத்தான். மகள் ஷாமினிக்கு இன்று ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சை தொடங்குகிறது. பரீட்சை அன்றைக்குப் பள்ளிக்கூட கேட் வரைக்கும் நானே கூட வருவேன் என்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி புனிதா மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கு பொய்யாகிவிடக் கூடாது. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மணியைக் கறுப்பு நூலில் கோத்தார். சீருடையில் வந்து நின்ற ஷாமினியின் கழுத்தில், ராசியான மணி என்று மட்டும் சொல்லிக் கட்டிவிட்டார். பிள்ளை அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். பிறகு அதைச் சட்டைக்குள் பத்திரமாக விட்டுக்கொண்டாள்.

போய் வா புனிதா, பிள்ளையோடு போய் வா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

ஷாமினி சாமி மேடைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அப்பா, தோட்டத்துக் கோயில் திருநீறு எங்கப்பா? போன மாசத்திலேருந்து காணோம்லா. பக்கத்துல இருந்த இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சு டெய்லி அதத்தான் பூசிட்டுப் போறேன். கையில நறநறன்னு இருக்கு, ஆனா பரவால்ல."

அப்படியென்றால் ஈப்போவுக்குப் போனது திருநீறா? கார்த்திகேசு சாமி மேடையை எட்டிப் பார்த்தார். பொட்டலம் பிரிந்து கிடந்தது. பாதிதான் மிச்சம்.

மகளின் நெற்றியில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று.

துடைத்துவிடத்தான் கை எழுந்தது. தலை முழுகிவிட்டு வா என்று சொல்லத்தான் வாயும் திறந்தது.

ஒரு மாதமாக, ஒரு நாள் விடாமல், புனிதா கேட்டோடு நிற்காமல் வகுப்பறைக்குள்ளேயே போய்ப் பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள்.

மகளின் புருவத்தில் உதிர்ந்து கிடந்த ஒரே ஒரு துகளை விரல் நுனியால் எடுத்தார். அதைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினார்.