கேரியர் இல்லாத வண்டி

நிறுத்த முடியாது. நிறுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும்.

அந்தக் காலத்து வண்டிகளுக்குக் கிளட்ச் கிடையாது. அவர் செய்த வண்டிக்கும் கிடையாது. மிதித்துக் கிளப்பிவிட்டால் வீடு வரை ஓட்டம்தான்.

அதனால், பஸ் ஸ்டாப்பில் பையோடு நின்ற சாந்தாமணியைப் பார்த்ததும் வேகத்தை மட்டும் குறைத்தார்.

மனைவி பார்க்கட்டும் என்றுதான் இந்த வழியாகவே வந்தது.

பார்க்க வேண்டிய வண்டிதான். பழைய சைக்கிள். புல் வெட்டும் மெஷினிலிருந்து கழற்றிய எஞ்சின். தகரத்தை வளைத்துச் செய்த பெட்ரோல் டேங்க். ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு, ஒரே ஒருவருக்கு.

எல்லாம் ஒரு படத்தைப் பார்த்துச் செய்தது. நூறு வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு வெளிநாட்டு வண்டி. பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். அளவு பிசகினால் சோறு இறங்காது. படத்தில் இல்லாத எதையும் அவர் வண்டியில் விட்டுவைக்கவில்லை.

படத்தில் கேரியர் இல்லை.

அதைக் கழற்றிப் போட்ட அன்று அவள் கேட்டாள்.

"ஏனுங்க, சந்தைக்கு நான் எதுல வாறதுங்க?"

"பொம்பளைகளுக்குத்தான் பஸ்ஸு ஃப்ரீயாச்சே" என்றார், இரும்பு ராவும் கிரைண்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் கேரியரை எடுத்துப் போய்த் தேய்த்துக் கழுவி, அடுப்படியில் சூடான பாத்திரம் இறக்கி வைக்க வைத்துக்கொண்டாள். சம்மதித்துவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். புருஷன்மார்களுக்கு வசதியான நினைப்பு.

இப்போது அவள் அவரைப் பார்த்துவிட்டாள்.

முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கையைக் காட்டி ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. எங்க வீட்டுக்காரர் பண்ணுனது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வண்டி நெருங்கியது.

அவள் பையை இடது கைக்கு மாற்றினாள். சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தாள். வண்டியோடு சேர்ந்து ஓர் எட்டு. இன்னோர் எட்டு.

கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவர் சைக்கிளை நிறுத்த மாட்டார், மெதுவாக்குவார். அவள் கூடவே ஓடி வந்து, கேரியரைப் பிடித்து, ஒருக்களித்து ஏறி உட்காருவாள். ஹேண்டில் ஒரு தரம் ஆடிவிட்டு நேராகும்.

கை நீண்டு வந்தது.

பிடிக்க ஒன்றும் இல்லை.

சீட்டுக்குப் பின்னால் வெறும் மட்கார்டு. அவர் பாலிஷ் போட்டுப் பளபளக்க வைத்த மட்கார்டு.

அதற்குள் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. எடுத்த எட்டை அப்படியே மடக்கி, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறவள் போல நின்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். ஸ்டாப்பில் யாரோ சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள்.

அவர் பிரேக்கை அழுத்தினார். எஞ்சின் அணைந்தது.

வண்டியைத் திருப்புவதற்குள் பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

நிறுத்த முடியாது என்று ஒன்றும் இல்லை. நிறுத்தியிருக்கலாம். அணைந்தால் மறுபடி மிதித்துக் கிளப்பியிருக்கலாம். அவ்வளவுதானே.

வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தார்.

அடுப்படியில் கேரியர் இருந்தது. கரி பிடித்திருந்தது. வாசலுக்கு எடுத்து வந்து வண்டியின் பின்னால் வைத்துப் பார்த்தார். அதை மாட்ட ஃபிரேமில் முன்பு துளை போட்ட இரண்டு இரும்புக் காதுகள் இருந்தன. கேரியர் போன பிறகு அசிங்கமாகத் தெரிகின்றன என்று அவர்தான் அறுத்து, ராவி, பெயிண்ட் அடித்தார்.

அந்த இடத்தை விரலால் தடவினார். எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

தன் கைவேலை மேல் அவருக்கு வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான்.

வெயில் ஏறியபின் அவள் காய்கறிப் பையோடு வந்தாள். வண்டியைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த கேரியரைப் பார்த்தாள்.

"நாளைக்குக் கம்பெனியில கொண்டு போயி, வெல்டிங் வெச்சு..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாங்க. வண்டி இப்படியே நல்லாத்தான் இருக்குது." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அதைக் கொண்டு போயி உள்ள வைங்க. பாலை எறக்கி வெக்கோணும்."

அவர் உள்ளே கொண்டு போய் வைத்தார். தள்ளி நின்றுகொண்டார்.

பால் பொங்கியது. அவள் பாத்திரத்தை இறக்கிக் கேரியர் மேல் வைத்தாள்.

அது ஆடாமல் உட்கார்ந்தது.