இருபத்துநாலு மீட்டர் திமிங்கிலம்

“உள்ள வராதீங்க முதலாளியம்மா!”

கதவைத் திறந்த லியாவ் அம்மா திகைத்து நின்றாள். சொந்தக் கடை. சொந்த மெஷின். அந்த அச்சு அறைக்குள் அவளே நுழையக் கூடாதாம்!

“குடை சொட்டுது பாருங்க. வெளியில வெச்சுட்டு வாங்க” என்றான் ஜின்ஃபா. பதினோரு வருஷமாக அந்த மெஷினை ஓட்டுகிறவன்.

கீலுங் துறைமுக ஊரில் ஒன்பதாவது நாளாக மழை. கடைச் சுவரெல்லாம் வியர்த்திருந்தது.

“மூணு நாளாச்சு. ஒரு தாளாவது ஒழுங்கா வந்துச்சா?”

வரவில்லை. ஓய்வுபெற்ற கப்பல்காரர் ஒருவர் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் படம். நீலத் திமிங்கிலம், நிஜ அளவில், இருபத்துநாலு மீட்டர். பதினாறு தாள்களாக அச்சடித்து, திமிங்கில வடிவத்திலேயே ஓரம் வெட்டி, சுவரில் ஒட்ட வேண்டும். திங்கட்கிழமை திறப்பு விழா. இன்று புதன்.

தாளின் இடது ஓரம் மட்டும் அலை அலையாக எழும்பியது. மை தெளிக்கும் தலை அதில் உரசி, தாள் முழுக்கக் கறுப்புத் தீற்றல்.

“சூட்டைக் கூட்டு. சீக்கிரம் காயும்.”

“நேத்து நீங்க சொன்னீங்கன்னு கூட்டினேன். நெருப்புல போட்ட கணவாய் மாதிரி சுருண்டுக்கிச்சு.”

“ஈரம் உறிஞ்சற மெஷின் ஓடுதா இல்லையா?”

“ஓயாம ஓடுது. காலையில இருந்து நாலு தடவை தண்ணி கொட்டிட்டேன்.”

“பின்ன என்னதான் கோளாறு?”

“அதான் புரியல. காத்துல இருக்கற ஈரம்னா ரெண்டு ஓரமும் நெளியணும். இடது ஓரம் மட்டும் ஏன்?”

சொல்லிவிட்டு அவன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். லியாவ் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கோயில்காரங்க அச்சடிக்கக் குடுத்த கொடி எங்கேன்னு ஆள் மேல ஆள் அனுப்பறாங்க. நீ தரையைப் பாத்துட்டு உக்காந்திருக்க! போன வாரம் லீவு குடுக்கலன்னு பழி வாங்கறியா?”

அவன் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சட்டென்று எழுந்து, மூலையில் நிறுத்தி வைத்திருந்த தாள் உருளைகளிடம் போனான். மேல் முனையைத் தொட்டான். கீழ் முனையைத் தொட்டான்.

“கிடைச்சிருச்சு! உருளையை நிக்க வெச்சிருக்கோம். சிமெண்டுத் தரையோட ஈரத்தை அடிப்பக்கம் மட்டும் குடிச்சிருக்கு. அந்தப் பக்கம்தான் மெஷின்ல இடது ஓரமா வருது.”

“அப்ப உடனே ஓட்டு!”

“நாளைக்கு முழுக்கப் புதுத் தாள் இந்த அறைக் காத்துக்குப் பழகி சும்மா கிடக்கணும். அப்புறம்தான்.”

வியாழன் முழுவதும் புது உருளைகள் உறை பிரித்து, மரப்பலகை மேல் படுத்துக் கிடந்தன. மெஷின் சும்மா நின்றது. லியாவ் அம்மா வாசலில் நின்று புலம்பினாள்.

வெள்ளிக்கிழமை, சூட்டைப் பாதியாகக் குறைத்து, மெஷினை மெதுவாக ஓட்டினான். தாள் தாளாக நீலம் வழவழவென்று இறங்கியது. ஏழாவது தாளில் மட்டும் ஓர் இடத்தில் நீலம் லேசாக வெளிறியிருந்தது. அப்படியே கிழித்துப் போட்டான்.

“ஐயோ! பத்தடி தள்ளி நின்னு பாக்கறவனுக்கு இது தெரியவா போகுது?”

“எனக்குத் தெரியுது முதலாளியம்மா.”

வீம்பு பிடித்தவன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை விழாவுக்கு வேண்டாவெறுப்பாகத்தான் போனாள். பள்ளிக்கூடத்தின் நீண்ட நடைக்குள் திரும்பியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

சொரசொரப்பான வெள்ளைச் சுவர் நெடுக ஒரு கடல் மிருகம். எங்கே ஒரு தாள் முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது, தெரியவில்லை. ‘இதுவா நம்ம கடையிலிருந்து வந்தது?’

அப்போது பிள்ளைகள் வந்தார்கள். வரிசையாக, ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துக்கொண்டு.

முதலில் நின்ற சிறுமியின் கையைப் பிடித்து, ஆசிரியை சுவரில் வைத்தாள். “இதுதான் மூக்கு. ஓரத்தைத் தடவிட்டே நட.”

சிறுமி நடந்தாள். பத்துக் காலடி. இருபது காலடி.

“இன்னும் முடியலையா மிஸ்?”

“இன்னும் இருக்கு.”

முப்பது. நாற்பது. வால் நுனியில் விரல்கள் நின்றன. சிறுமி முகத்தை நிமிர்த்தினாள்.

“இவ்ளோ பெருசா ஒண்ணு நிஜமாவே உசிரோட நீந்துதா?”

“நீந்துது.”

அவள் தன் கன்னத்தை அந்த நீலத்தின் மேல் வைத்துக்கொண்டாள். பின்னால் வந்த பிள்ளைகளின் கைகள் திமிங்கிலத்தின் மேல் ஊர்ந்தன. எந்த இணைப்பிலும் ஒரு விரல்கூடத் தட்டி நிற்கவில்லை.

லியாவ் அம்மா பக்கத்தில் நின்ற ஜின்ஃபாவின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள்.

“சுவரை அளக்க நீதானே வந்த? பார்வையில்லாத பிள்ளைங்கன்னு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“எங்கிட்ட ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?”

ஜின்ஃபா சட்டைக்கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

“சொல்லியிருந்தா, ‘கண்ணு தெரியாத பிள்ளைங்களுக்கு இதுவே போதும்’னு சொல்லியிருப்பீங்க முதலாளியம்மா.”