குரூப்பில் ஓர் இடம்

"ரிமூவ் பண்ணது பண்ணதுதான் செண்பகம். உன்னால குரூப்பே பேஜாராயிடுச்சு!"

திண்டிவனம் மேம்பாலத்தடி டீக்கடையில், டீயை ஊதிக்கொண்டே சொன்னான் சவுரிராயன். எதிரே சித்தாள் செண்பகம், கையில் பெரிய டிபன் கேரியரோடு நின்றாள். வேலை கிடைக்காது என்று தெரிந்தும் சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று அவனுக்குப் பாவமாக இருந்தது.

'திண்டிவனம் கட்டட வேலை' வாட்ஸ்அப் குரூப்பை ஆரம்பித்தவன் அவன்தான். முன்பெல்லாம் விடிவதற்குள் இந்தப் பாலத்தடிக்கு வந்து கால்கடுக்க நிற்க வேண்டும். இப்போது மேஸ்திரிகள் 'வானூருக்குப் பத்து ஆள்' என்று குரூப்பில் போட்டால் போதும். டைல்ஸ் ஒட்டும் சவுரிராயனுக்கும் அதை நம்பித்தான் பிழைப்பு.

நாலு நாளைக்கு முன் செண்பகம் அதில் ஒரு கேள்வி கேட்டாள். ஒரே கான்கிரீட்டைத்தானே சுமக்கிறோம், ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலி ஏன்? மளமளவென்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சவுரிராயன் அவளை நீக்கினான். அட்மினும் மேஸ்திரிகளும் தவிர வேறு யாரும் பேச முடியாதபடி பூட்டும் போட்டான்.

"நான் பொய் எதுனா சொன்னனாண்ணா?"

"பொய்யோ நெசமோ! மேஸ்திரிங்க கோவிச்சுக்கினு போயிட்டா, இருநூறு குடும்பம் என்னா பண்ணும்? அது நான் ஆரம்பிச்ச குரூப்பு."

"ஆரம்பிச்சது நீங்கதான். அதுல இருக்கறது நாங்கதான?"

சுருக்கென்றது. அவன் மனைவியும் ஒரு காலத்தில் சித்தாள்தான். கேள்வி நியாயமானது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அட்மின் இறங்கிப் போக முடியுமா?

"இப்பப் பாரு, நாலு நாளா குரூப்பு எவ்ளோ அமைதியா இருக்குது!"

"ஆமாண்ணா. இந்த வாரம் உங்களுக்கு வேலை எதுனா வந்துச்சா?"

"மழைக்காலம் இல்ல? மேஸ்திரிங்க கொஞ்சம் டல்லு. தன்னால வரும்." டீ கிளாஸைக் கீழே வைத்தான். மனசு இளகிவிட்டது. "சரி, போனாப் போவுது. இனிமே கூலியப் பத்திப் பேச மாட்டேன்னு எனக்கு ஒரு வாய்ஸ் அனுப்பு. இன்னிக்கே சேத்துக்கறேன்."

ஹாரன் சத்தம் கேட்டது. வேன் ஒன்று வந்து நின்றது. முன் சீட்டில் பச்சைமுத்து மேஸ்திரி. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் சவுரிராயனுடைய குரூப்பு ஆட்கள்.

"என்னைச் சேத்துக்கச் சொல்லி நான் வரலண்ணா," என்றாள் செண்பகம். "நாங்க வேற குரூப்பு ஆரம்பிச்சு நாலு நாள் ஆவுது. யாரையாவது சேக்கறதுன்னாலும் நீக்கறதுன்னாலும் ஓட்டுதான். மேஸ்திரிங்களும் இப்ப அங்கதான் ஆள் கேக்கறாங்க. உங்களைச் சேக்கலாமான்னு நேத்து ஓட்டு போட்டோம், எல்லாரும் சரின்னுட்டாங்க. ஜல்தியா வேன்ல ஏறுங்க, உங்களுக்கும் சேத்துத்தான் சோறு கட்டிக்கினு வந்தேன்."