ஒன்றை அழுத்தவும்

குரல் அவருடைய அப்பாவின் பெயரைச் சொன்னது.

பெயருக்குப் பின்னால் 'ஐயா' இல்லை. 'அவர்கள்' இல்லை. வெறும் உலகநாதன்.

பதிவு செய்த பெண் குரல். இனிமையாகத்தான் இருந்தது.

அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றார். நாற்காலி பக்கத்திலேயே கிடந்தது. தாசில்தாராக இருந்த நாளிலிருந்து, அரசாங்க அழைப்பை அவர் உட்கார்ந்து கேட்டதில்லை.

மூத்த மகனுக்குத் தாத்தா பெயர். அதனால் வீட்டில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவன் என்பார்கள். அவ்வளவுதான்.

இப்போது ஊரே அந்தப் பெயரைச் சொல்கிறது. கோயில் கல்லில் வெட்டியிருக்கும் பெயர். பேருந்து நிலையச் சுவரில் அதை எழுதிச் சாணி அடித்திருந்தார்கள்.

பெரியவன் சிறையில் இருக்கிறான்.

யார் யார் பேச்சையெல்லாம் அரசாங்கம் ஒட்டுக்கேட்கிறது என்ற பட்டியலை, தான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்தே எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தான். முப்பத்தொரு லட்சம் எண்கள்.

தண்டிப்பதா, மன்னிப்பதா? மக்களையே கேட்டு முடிவு செய்வோம் என்று அறிவித்தார்கள். வீடு வீடாக அழைப்பு வந்தது. நேற்றுவரை தண்டிக்கச் சொன்னவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர்.

எதிர்வீட்டு ஆவுடையப்பன் காலையில் வந்திருந்தார். வாசற்படி ஏறவில்லை.

"அண்ணாச்சி, நானும் ஒண்ணைத்தான் அமுக்குனேன். மனசுல வச்சுக்கிடாதிய."

"ரெண்டை அமுக்குனா யாருக்குவே தெரியப்போவுது? பேரு வெளிய வராதுன்னுதான சொல்லுதான்."

"தெரியும்னு உங்க மகன்தான அண்ணாச்சி சொன்னாரு."

ஆவுடையப்பன் போன பிறகும் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்று நான்கு பேரும் அவனை நம்புகிறார்கள். நம்பியதால்தான் ஒன்றை அழுத்தியிருக்கிறார்கள்.

தண்டிக்க வேண்டும் என்றால் ஒன்றை அழுத்தவும், என்றது குரல். மன்னிக்க வேண்டும் என்றால் இரண்டை அழுத்தவும். உங்கள் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்.

ரகசியம் காப்பேன் என்று அவன் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த வேலை. அந்த வாக்கை மீறினான் என்ற கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை. அதை அவனிடம் நேரில் கேட்டுக்கொள்வார். வெளியாரிடம் அல்ல.

இரண்டை அழுத்தினார்.

விரலை உடனே எடுக்கவில்லை.

நன்றி, என்றது குரல்.

ரிசீவரை வைத்தார். மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். மூன்று மாதத்திற்குப் பிறகு இன்று கடைத்தெருவுக்குப் போகலாம் என்று தோன்றியது.

உள்ளறையில் வடிவின் கைபேசி அடித்தது.

வடிவு இளையவள். நான்காவது தடவை எழுதித் தேர்வில் தேறியவள். அரசாங்க வேலை. நியமன ஆணை இந்த வாரம் வரவேண்டும். போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி.

மூடிய கதவுக்கு அப்பால் அதே பெண் குரல், ஸ்பீக்கரில். அதே பெயர்.

அவள் அண்ணன்மேல் உயிரை வைத்திருப்பவள். இரண்டைத்தான் அழுத்துவாள். யோசிக்கக்கூட மாட்டாள்.

அவர் திரும்பிய வேகத்தில் துண்டு நழுவி விழுந்தது. எடுக்கவில்லை. இந்த வீட்டில் அவர் வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

கதவைத் தட்டினார்.

"ஒண்ணை அமுக்கும்மா."

இன்னும் உரக்கச் சொன்னார்.

"வடிவு, அப்பா சொல்லுதேன். அண்ணன் ஒண்ணும் நெனைக்க மாட்டான். ஒண்ணை அமுக்கு."

பெண் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது.

கதவு திறந்தது. வடிவு கைபேசியை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்திருந்தாள். எதையும் அழுத்தியிருக்கவில்லை. அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் நொடிகள் ஏறின.

ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஓர் ஆண் குரல். மரியாதையான குரல்.

"சார், நீங்க ரெண்டை அமுக்கியிருக்கீங்க. மாத்திக்கிறீங்களா?"

வடிவு அவர் முகத்தைப் பார்த்தாள்.