வாடகைக்கு விட்ட துப்பாக்கி

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக் காலை வெயில் துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசைமேல் விழுந்து, அதில் கிடக்கும் இரண்டு கறுப்புத் துப்பாக்கிகளைப் பளபளக்க வைக்கிறது. கம்பெனியும் விலையும்தான் வேறு, உருவம் ஒன்றே. இந்த வாரம் மட்டும் கொயோட் நரிகள் நாலு ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிவிட்டதால், மார்லா தன் முதல் ஏஆர் ரகத் துப்பாக்கியை வாங்க வந்திருக்கிறாள். கை துறுதுறுக்கிறது. கடைக்காரர் வெர்ன் ஒவ்வொன்றின் தோட்டா அறையையும் திறந்து, காலி என்று காட்டிவிட்டே நீட்டுகிறார். "விலை கூடுனதையே எடுத்துக்கோக்கா, காலத்துக்கும் உழைக்கும்" என்கிறான் தம்பி ட்ராய். "போடா, நீ வாங்கினது இன்னும் உறையை விட்டே வெளிய வரல!" என்கிறாள் மார்லா. வெர்ன் மீசைக்குள் சிரிக்கிறார். கடைக்குப் பின்னால், ஊரார் சுட்டுப் பழகும் தளத்தில் வெடிக்கும் சத்தத்தில் கண்ணாடி அதிர்கிறது. மார்லா சட்டென்று நிமிர்கிறாள். "வெர்ன், அங்க சுட்டுப் பழக வாடகைக்கு விடுறீங்களே, அது எந்தக் கம்பெனி?" அவர் உள்ளே போய், மெருகெல்லாம் தேய்ந்து கரி அப்பிய ஒன்றைக் கொண்டுவந்து, திறந்து காட்டி வைக்கிறார். "மூணு வருஷமா ஊரே சுட்டுத் தள்ளுது. ஒரே ஒரு ஸ்பிரிங்தான் மாத்திருக்கேன்." கட்டைவிரலால் அவள் கரியைத் துடைக்கத் துடைக்க, விலை குறைந்த கம்பெனியின் முத்திரை எழுந்து வருகிறது. அந்த விரலை அப்படியே தம்பியின் மூக்கில் இழுத்துவிட்டு, விலை குறைந்ததையே வாங்க, அடையாளச் சான்றாக ஓட்டுநர் உரிமத்தை எடுத்து மேசைமேல் போடுகிறாள்.